நாற்பத்தெட்டு வரி

வட்டில் மூன்று சதவீதம்தான் மிச்சம் என்று
விடியாத இரண்டு பத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
கிளாக்ஸ்விக் காற்று கதவைத் திறக்க விடவில்லை,
தோளால் இடித்துத்தான் அலுவலகத்துக்குள் போனேன்.

யார் இவ்வளவு இடத்தைத் தின்பது?
கேட்பதற்கு ஒரே ஒரு கட்டளை போதும்.
அட்டவணைகள் தங்கள் எடையைத் தாங்களே சொல்லும்,
பெரியது முதலில்,
ஏலக்கூடத் தராசில் ஏறிய மீன்பெட்டிகள் மாதிரி.

நீருக்கடிக் கேமராப் படங்கள்தான் முதலில் நிற்கும் என்று
எனக்கு நானே பந்தயம் கட்டியிருந்தேன்.
தோற்றேன்.
முதலில் நின்றது ‘கூண்டு_நிலை’.
நாற்பத்தொரு ஜிகாபைட்.

அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
ஃபியோர்டில் மிதக்கும் நாற்பத்தெட்டு சால்மன் கூண்டுகள்,
கூண்டுக்கு ஒரு வரி:
ஆக்சிஜன், வெப்பம், உப்பு,
தீனி போட்டாயிற்றா இல்லையா.
எண்ணச் சொன்னேன். நாற்பத்தெட்டு.
இயந்திரத்தை நம்பாமல் திரையில் விரல் வைத்து எண்ணினேன்.
நாற்பத்தெட்டே.
காப்பிக் கடை ரசீதின் பின்பக்கத்தில்
எழுதி முடித்துவிடலாம்.

சுட்டுப்பட்டியலைத் தனியே நிறுத்துப் பார்த்தேன், ஒன்பது.
மீதி முப்பத்திரண்டும் உடம்பின் எடைதான்.
வீட்டைப் போல, அசையாமல் தின்றிருக்கிறது.

நொடிக்கொரு முறை ஒவ்வொரு கூண்டும் தன் நிலையைச் சொல்லும்.
பழைய வரி அழிவதில்லை,
செல்லாது என்று அதற்கொரு குறி,
பின்னால் ஒரு புது வரி.
செல்லாததை அள்ளிப்போகத் துப்புரவாளன் வருவான்,
எவரும் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றால்.

ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான்.
அறுபத்தொரு நாளாக.

ஹானுஸ். செப்டம்பர் ஒன்பது, மாலை நாலு இருபது.
தீனிப் பம்ப்பை மாற்றவேண்டும் என்று மேலாளரோடு சண்டை,
சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு எஸ்பியர் போனவன்
திரையைத்தான் அணைத்திருந்தான்.
மேசைக்கடியில் இயந்திரம்
நாய் படுத்திருந்த இடம்போலச் சூடாக இருந்தது.

அவன் திறந்துவைத்த கேள்விக்கு
இன்னும் செப்டம்பர் ஒன்பது.
திரும்பி வந்து கேட்டால் அன்றைய கடலையே காட்டவேண்டுமே என்று
அன்று முதல் ஒரு நொடியையும் வீசாமல்
இருபத்தைந்து கோடிப் பிரதிகளை அடுக்கிவைத்திருந்தது
இந்த விசுவாசமான கழுதை.

மூன்றரைக்கு அவனை எழுப்பினேன்.
“உன் அமர்வை மூடட்டுமா?”
“நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?”
“கூண்டு பதினேழு. வெப்பம்.”
“எவ்வளவு?”
“பத்து புள்ளி நாலு.”
அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது.
“இப்போது?”
“எட்டு புள்ளி ஒன்று. ஆனால் பதினேழில் மீன் இல்லை,
அக்டோபரிலேயே எடுத்தாயிற்று.”
“மூடு” என்றான். பிறகு,
“பம்ப்பை மாற்றினார்களா?”
“இல்லை.”
மூக்கால் சிரித்தது கேட்டது.

மூடினேன். துப்புரவாளனை அனுப்பினேன்.
நாற்பது நிமிடம்.
மறுபடி நிறுத்தேன்:
நாற்பத்தொன்று.

அப்படித்தான். எனக்குத் தெரிந்ததுதான்.
உயிருள்ள நாற்பத்தெட்டும் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க
முன்னால் உள்ள காலி அறைகளைத்
தரவுத்தளம் திருப்பித் தராது,
இனி எழுதப்போவதற்கு வைத்துக்கொள்ளும்.
சுருக்கவேண்டுமானால் அட்டவணையைப் பூட்டவேண்டும்,
பூட்டினால் அத்தனை நேரமும் கூண்டுகளின் குரல் நிற்கும்,
அதற்கு மர்யுன் கையெழுத்து வேண்டும்,
மர்யுன் எட்டரைக்குத்தான் வருவாள்.

மூன்று சதவீதம் மூன்றாகவே நின்றது.
குறையவில்லை, அது போதும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
அளவு: 41 ஜிபி. வரிகள்: 48.
காரணம் என்ற இடத்தில் ஹானுஸ் என்று அடித்தேன்.
அழித்தேன்.
‘திறந்து கிடந்த ஓர் அமர்வு’ என்று எழுதினேன்.
ஜன்னலுக்கு வெளியே தீனிப் படகு
விளக்கோடு கிளம்பிக்கொண்டிருந்தது,
பழைய பம்ப் இரண்டு முறை இருமி
மூன்றாவதில் பிடித்தது.